எஞ்சின் மாற்றிய வண்டி: மூலம் யாருடைய சொத்து?

1

சில வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய கார்களின் கண்காட்சி ஒன்றுக்குப் போயிருந்தேன். எனக்குக் கார் பைத்தியம் எதுவும் கிடையாது. பக்கத்துத் தெரு டாக்ஸிக்கார அண்ணன் ஒருவர் தன் வண்டியைக் கொண்டுபோகிறார், துணைக்கு வா என்று கூப்பிட்டார், போனேன். அவருடையது 1965ஆம் வருடத்து அம்பாசடர், மார்க்-2. மூன்றாவது கையாக வாங்கியது. 35 வருடத்துக்கு மேல் அவருக்குச் சோறு போட்ட வண்டி. முந்தின நாள் முழுக்கத் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி வைத்திருந்தார்.

போட்டி நடத்துகிறவர் ஒருவர் வந்தார். பானெட்டைத் திறக்கச் சொன்னார். பத்து விநாடி பார்த்தார். ‘இது ஒரிஜினல் எஞ்சின் இல்லையே, போட்டியில் சேர்க்க முடியாது, வேண்டுமானால் ஓரமாக நிறுத்திக்கொள்ளுங்கள்’ என்றார். விஷயம் உண்மைதான். 1991இல் அண்ணன் அந்தப் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு மெட்டடார் வேனின் டீசல் எஞ்சினை ஏற்றியிருந்தார். முறைப்படி ஆர்.சி. புக்கிலும் ஏற்றியிருந்தார். சற்றுத் தள்ளி ஏறக்குறைய அதே வயதுள்ள இன்னொரு அம்பாசடர் நின்றது. ஒரு பங்களாவின் ஷெட்டில் துணி போர்த்தி வருடக்கணக்கில் கிடந்தது, அன்றைக்குக்கூட லாரியில் ஏற்றித்தான் கொண்டுவந்தார்கள். பரிசு அதற்குத்தான் கிடைத்தது.

திரும்பி வரும் வழியில் அண்ணன் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: “எஞ்சின மாத்தலேன்னா இந்த வண்டி தொண்ணூத்தொண்ணுலயே காயலான் கடைக்குப் போயிருக்கும் தம்பி. இது ஓடுனதுதான் தப்புங்கறாங்க.”

ஓடியதுதான் தப்பு. இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ளும் முயற்சி. பழைய வண்டியில் புது எஞ்சின் ஏற்றுவது மெக்கானிக் சமாச்சாரம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். ஆனால் எது மூலம், எது கலப்படம், எதற்கு வரலாறு உண்டு, எது வெறும் பழைய இரும்பு என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஒரு காரின் பானெட்டுக்கு அடியிலும் வேலை செய்கிறது.

2

முதலில் இந்த ‘ஒரிஜினல்’ என்கிற சொல்லை எடுத்துக்கொள்வோம். அம்பாசடருக்கு எது ஒரிஜினல்?

பிர்லாக்கள் 1942இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், குஜராத்தின் ஓகா துறைமுகத்திலிருந்து 1948இல் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவுக்கு இடம் மாறியது. அது செய்த கார்கள் இங்கிலாந்தின் மோரிஸ் கம்பெனியுடையவை. ஹிந்துஸ்தான்-10, ஹிந்துஸ்தான்-14, 1954இல் லேண்ட்மாஸ்டர், 1957-58 வாக்கில் அம்பாசடர். அம்பாசடர் என்பது ஆக்ஸ்ஃபோர்டு நகரத்தை ஒட்டிய கௌலி தொழிற்சாலையில் பிறந்த ‘மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ்-3’. இங்கிலாந்துக்காரன் அதை 1959இல் நிறுத்திவிட்டு அடுத்த மாடலுக்குப் போய்விட்டான். நாம் 2014 வரைக்கும் செய்துகொண்டிருந்தோம்.

இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரியாத பகுதி எஞ்சினில் இருக்கிறது. இங்கிலாந்தில் அந்த உடம்புக்குள் இருந்தது பி-சீரிஸ் என்கிற 1489 சிசி ஓவர்ஹெட் வால்வு எஞ்சின். உத்தர்பாராவில் அதே உடம்புக்குள் முதலில் வைக்கப்பட்டதோ அதைவிடப் பழைய தலைமுறையைச் சேர்ந்த 1476 சிசி சைடு வால்வு எஞ்சின், அதாவது லேண்ட்மாஸ்டரில் ஓடிக்கொண்டிருந்தது. 1959இல்தான் 1489 சிசி எஞ்சின் இங்கே வந்தது. ஆக, அம்பாசடர் பிறக்கும்போதே தன் உடம்புக்கு உரியதல்லாத எஞ்சினோடு பிறந்த வண்டி. கண்காட்சிக்காரர் ‘ஒரிஜினல்’ என்று மனதில் வைத்திருந்த எஞ்சின் உண்மையில் அம்பாசடரின் இரண்டாவது எஞ்சின்!

அதோடு நிற்கவில்லை. 1980 வாக்கில் அதே 1489 சிசி அளவில் டீசல் எஞ்சின் போட்டார்கள். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் டீசல் கார் என்று பெயர் வாங்கியது அதுதான். 1992-93இல் ஜப்பானிய இசுசு கம்பெனியின் 1817 சிசி பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் வந்தன. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருந்த கியர் கம்பி தரைக்கு இறங்கியது. சோபா மாதிரி நீளமாக இருந்த முன் சீட்டு இரண்டு தனித்தனி சீட்டாகப் பிரிந்தது. பின்னால் வந்த மாடல்களில் டிஸ்க் பிரேக், பவர் ஸ்டீயரிங் எல்லாம் சேர்ந்தன. வெளியே பார்த்தால் அதே குண்டு உடம்பு. உள்ளே மூன்று நாட்டுத் தொழில்நுட்பம், நான்கைந்து தலைமுறை எஞ்சின்.

அதாவது அண்ணன் தன் தெருப் பட்டறையில் செய்த காரியத்தைக் கம்பெனி பல தடவை செய்திருக்கிறது. பழைய உடம்பில் டீசலை ஏற்றியது கம்பெனி. ஜப்பானை ஏற்றியதும் கம்பெனி. அப்போதெல்லாம் அதற்குப் பெயர் ‘புதிய மாடல்’. விளம்பரம் வந்தது, விலை ஏறியது. மூலம் என்று நாம் நம்புகிற ஒன்றைத் தோண்டிப் பார்த்தால் அங்கே இன்னொரு கலப்புதான் கிடைக்கிறது. கம்பெனி முத்திரை விழுந்த கலப்பு மூலம் ஆகிவிடுகிறது. முத்திரை விழாதது கலப்படம்.

3

இதன் மறுபக்கமும் உண்டு. புது எஞ்சினைப் பழைய உடம்பில் வைப்பது ஒரு வழி என்றால் பழைய எஞ்சினைப் புது உடம்பில் வைப்பது இன்னொரு வழி. 1980களின் இந்தியா இந்த இரண்டாவது வேலையை அமர்க்களமாகச் செய்தது.

கான்டெஸ்ஸாவை நினைவிருக்கலாம். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1980களின் முதல் பாதியில் கொண்டுவந்த ‘சொகுசு’ கார். அதன் உடம்பு இங்கிலாந்தின் வாக்ஸால் கம்பெனி 1972இல் கொண்டுவந்து 1978இல் கைவிட்டது. உள்ளே ஆரம்பத்தில் வைத்தது அதே 1489 சிசி அம்பாசடர் எஞ்சின். பெரிய உடம்பு, சின்ன மூச்சு. மேட்டில் இழுக்காது. இசுசு எஞ்சின் வந்த பிறகுதான் அது கார் மாதிரி ஓடியது.

நம்ம ஊரிலேயே இதைவிடப் பெரிய கூத்து நடந்தது. சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் தொழிற்சாலை இருந்தது. ஹெரால்டு, கெஸல் எல்லாம் அங்கே செய்ததுதான். 1985இல் அவர்கள் ‘ஸ்டாண்டர்ட் 2000’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். உடம்பு, 1977இல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று விருது வாங்கிய ரோவருடையது. எஞ்சின்? இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு ஸ்டாண்டர்ட் வேன்கார்டு காருக்காக வடிவமைக்கப்பட்ட எஞ்சினின் வழிவந்தது. அந்த எஞ்சின் குடும்பத்தின் இன்னொரு கிளை ஃபெர்குசன் டிராக்டரில் வயலை உழுதுகொண்டிருந்தது. ரோவர் சட்டை போட்ட டிராக்டர் பங்காளி. சில வருடங்களிலேயே கதை முடிந்தது, 1980கள் முடிவதற்குள் உற்பத்தி நின்றது. தொழிலாளிகள் தெருவுக்கு வந்தார்கள். பம்பாயின் பிரீமியர் கம்பெனியும் அதே 1985இல் 118 என்.இ. என்று ஃபியட்டின் 1960களின் உடம்புக்குள் ஜப்பானிய நிஸான் எஞ்சினை வைத்து விற்றது.

ஏன் இப்படி? நம் முதலாளிகளுக்கு மூளை இல்லையா? அப்படியில்லை. கார் உடம்பின் தகடுகளை அழுத்தி எடுக்கும் அச்சுகள் பெரிய முதலீடு. புது அச்சு செய்ய வேண்டுமானால் லட்சக்கணக்கில் கார் விற்றாக வேண்டும். லைசென்ஸ் ராஜ்யத்தில் எத்தனை கார் செய்யலாம் என்பதை அரசு தீர்மானித்தது. இறக்குமதிக்கும் கட்டுப்பாடு. காசு கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கும் வாடிக்கையாளன் எதைக் கொடுத்தாலும் வாங்குவான். எனவே மேற்கில் செத்துப்போன மாடல்களின் அச்சுகளை வாங்கிக்கொண்டு வந்து அவை தேயும்வரை அடிப்பது லாபம். எஞ்சின் அப்படியில்லை. அது தனியாகக் கழற்றிக் கொண்டுவரக்கூடிய பண்டம். 1983இல் மாருதி வந்து போட்டி என்று ஒன்று உருவானதும் உடம்பைத் தொடாமல் எஞ்சினை மட்டும் மாற்றிச் சமாளிப்பதே இருப்பதிலேயே மலிவான வழி.

1991க்குப் பிறகு நம் அரசுக்கும் இதே கதைதான் என்று தோன்றுகிறது. தாராளமயம் என்ற புது எஞ்சின் வந்தது. கலெக்டர் ஆபீஸ், வெள்ளை அம்பாசடர், மேலே சுழலும் சிவப்பு விளக்கு என்ற வெள்ளைக்காரன் காலத்து உடம்பு அப்படியே நின்றது. அந்தச் சிவப்பு விளக்கைக் கழற்றுவதற்கு 2017 மே 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த உவமையை ரொம்ப தூரம் இழுக்க வேண்டியதில்லை. எஞ்சினை மாற்றியவுடன் உடம்பும் மாறிவிட்டதாக நம்புவது ஒரு மயக்கம். உடம்பு அப்படியே இருப்பதைப் பார்த்து எதுவுமே மாறவில்லை என்று நினைப்பதும் அதே அளவுக்கு மயக்கம். இதை மட்டும் சொல்லிவிட்டு பட்டறைக்குப் போவோம்.

4

கம்பெனி எஞ்சின் மாற்றுவதற்கு வரைபடம் உண்டு, சோதனைச்சாலை உண்டு, எஞ்சினியர்கள் உண்டு. தெருப் பட்டறையில் என்ன உண்டு? ஒரு லேத், ஒரு வெல்டிங் செட், சங்கிலி போட்டு எஞ்சினைத் தூக்க ஒரு முக்காலி, தரையில் சாக்பீஸ் கோடு. அவ்வளவுதான்.

வேலை லேசானதில்லை. அண்ணன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். பழைய எஞ்சின் உட்கார்ந்த இடத்தில் புது எஞ்சின் உட்காராது, பவுண்டேஷனை அறுத்து வேறு இடத்தில் வைத்து வெல்டு பண்ண வேண்டும். எஞ்சினின் பின்பக்க ஓட்டைகள் பழைய கியர் பெட்டியோடு பொருந்தாது. ஒன்று, நடுவில் கனமான தகடு ஒன்றைக் கடைந்து வைக்க வேண்டும், அல்லது கியர் பெட்டியையும் சேர்த்து மாற்ற வேண்டும். மாற்றினால் பின்சக்கரத்துக்குப் போகும் நீளமான புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் அளவு தப்பும். அதை வெட்டி ஒட்டி, சுற்றும்போது ஆடாமல் பேலன்ஸ் பார்க்க வேண்டும், ஆடினால் வண்டியே நடுங்கும். டீசல் எஞ்சின் கனம். முன்பக்கம் தாழ்ந்து போகும், டார்ஷன் பார் என்னும் முறுக்குக் கம்பியை ஏற்றிக் கட்ட வேண்டும். டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சின் அளவுக்கு வேகமாகச் சுற்றாது, எனவே பின் அச்சில் கிரவுன்-பினியன் பல் கணக்கை மாற்றாவிட்டால் ரோட்டில் வண்டி கத்துமே தவிர ஓடாது. தேவைக்கு மேல் போன டீசல் டேங்குக்குத் திரும்பி வருவதற்குத் தனிக் குழாய் வேண்டும். பிரேக்குக்கு பூஸ்டர் வைத்தால், பெட்ரோல் எஞ்சின் தானாகக் கொடுக்கும் உறிஞ்சல் டீசலில் கிடைக்காது, அதற்கென்று தனி பம்ப் வேண்டும். ரேடியேட்டர் போதாது. டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர்.

இவ்வளவும் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? எந்தப் பாலிடெக்னிக்கில் சொல்லிக் கொடுக்கிறார்கள்? எட்டாவதோடு படிப்பு நின்றுபோய், ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாக வந்து, திட்டும் அடியும் வாங்கி, கையால் கற்றுக்கொண்ட அறிவு இது. இதை ரொமான்டிக்காகப் பார்க்க வேண்டாம். அந்தப் பையனின் பள்ளிக்கூடத்தைத் தின்றுதான் இந்த அறிவு வளர்ந்திருக்கிறது. அது ஆண்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும் அறிவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் அது அறிவு என்பதை மறுக்க முடியாது.

மார்க்ஸ் இயந்திரத்தை இறந்த உழைப்பு என்றார். யாரோ எப்போதோ செலுத்திய உழைப்பு இரும்பாக உறைந்து கிடக்கிறது, உயிருள்ள உழைப்பு தொட்டால்தான் அது எழுந்து நடக்கும். உத்தர்பாரா தொழிலாளியின் உழைப்பு 1965இல் ஒரு காராக உறைந்தது. 1991இல் பட்டறைக்காரரின் கை பட்டது. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இருந்த விலை வித்தியாசத்தில், டாக்ஸிக்காரருக்கு ஒவ்வொரு நடையிலும் மிஞ்சிய காசு ஒரு குடும்பத்தின் அரிசி ஆனது. கண்காட்சிக்காரருக்கு இந்த இரண்டாவது உழைப்பு கண்ணில் படவில்லை. பட்டாலும் அது அவருக்கு அழுக்கு, துடைத்தெறிய வேண்டியது. அவர் போற்றுவது உறைந்து கிடப்பதை.

5

கண்காட்சிக்காரரை விடுங்கள், அது பொழுதுபோக்கு. சட்டம் என்ன சொல்கிறது?

1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆரம்பத்தில் இருந்த வடிவத்தில், வண்டியில் மாற்றம் செய்ய விரும்புகிறவர் பதிவு அதிகாரிக்கு முன்கூட்டித் தெரிவித்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்றது. அதாவது மாற்றலாம், கேட்டுவிட்டு மாற்று. அண்ணன் 1991இல் செய்தது அதைத்தான். பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்தார், ஓட்டிப் பார்த்தார், புக்கில் ஏற்றினார். 2000இல் பிரிவு திருத்தப்பட்டது. இப்போது அளவுகோல் வேறு: தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து வண்டி மாறக்கூடாது. எரிவாயு, பேட்டரி போன்ற வேறு எரிபொருளுக்கு மாற்ற, அங்கீகரிக்கப்பட்ட ‘கிட்’ பொருத்துவதற்கு மட்டும் வழி விட்டார்கள். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று இந்தப் பிரிவுக்கு விளக்கம் சொன்னது.

இந்தத் திருத்தத்தில் நடந்திருப்பது என்ன? முன்பு அதிகாரியின் கண்ணும் காதும் சோதித்தன. வண்டி பத்திரமாக ஓடுகிறதா என்பது கேள்வி. இப்போது தயாரிப்பாளரின் காகிதம் சோதிக்கிறது. வண்டி அவன் சொன்ன மாதிரி இருக்கிறதா என்பது கேள்வி. காசு கொடுத்து வாங்கி, கடன் அடைத்து, அரை ஆயுள் ஓட்டிய பிறகும் வண்டியின் அர்த்தத்தைச் சொல்லும் உரிமை செய்தவனிடமே தங்கிவிட்டது. இலக்கியத்தில் ஆசிரியன் இறந்துவிட்டான், பிரதி வாசகனுடையது என்று நாம் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், இரும்பில் ஆசிரியனுக்கு உயிர் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள்!

அடுத்து 2021. பழைய வண்டிகளைப் பாதுகாக்க மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 50 வருடத்துக்கு மேற்பட்ட, சொந்த உபயோகத்துக்கான வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று பதியலாம், எண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும், புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். நிபந்தனை: வண்டி மூல வடிவிலேயே இருக்க வேண்டும். சேசிஸ், உடம்பு, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. வாடகைக்கு ஓட்டக்கூடாது.

அண்ணனின் வண்டி வயதில் தேறுகிறது, எஞ்சினில் தோற்கிறது. யோசித்துப் பாருங்கள், 50 வருடம் எஞ்சின் மாற்றாமல் ஒரு வண்டியை யாரால் வைத்திருக்க முடியும்? அதை நம்பிப் பிழைக்காதவரால். ஓடாமல் நிறுத்தி வைக்க இடம் உள்ளவரால். தேய்ந்த பாகத்துக்கு அதே பாகத்தைத் தேடி எவ்வளவு விலையானாலும் கொடுக்கக்கூடியவரால். ஆக, பாரம்பரியம் என்பதன் வரையறைக்குள்ளேயே சொத்து உட்கார்ந்திருக்கிறது. உழைத்த வண்டிக்கு வரலாறு கிடையாது, ஓய்வெடுத்த வண்டிக்குத்தான் வரலாறு.

இப்போது மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கம்பெனி எஞ்சினை மாற்றினால் அது முன்னேற்றம். பணக்காரர் மாற்றாமல் வைத்திருந்தால் அது பாரம்பரியம். பிழைப்புக்காக ஒருவர் மாற்றினால் அது விதிமீறல். சென்னையின் மீன்பாடி வண்டிகளை இதோடு சேர்த்துப் பாருங்கள். மூன்று சக்கர மிதிவண்டியில் பழைய டூவீலர் எஞ்சினைக் கட்டி ஓட்டுகிறவரும் பழைய உடம்பில் வேறு எஞ்சின் ஏற்றுகிறவர்தான். அவருக்கு எந்தக் கண்காட்சியும் இல்லை, போலீஸ் மட்டும் உண்டு.

6

இதற்கு எதிர்வாதம் இருக்கிறது, அதைத் தட்டிக் கழிக்கக்கூடாது. கண்டபடி எஞ்சினை ஏற்றினால் ஆள் சாவான். இது உண்மை. வேகம் ஒரு பங்கு கூடினால் நிறுத்த வேண்டிய சக்தி வர்க்கக் கணக்கில் கூடும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போன வண்டி 80இல் போனால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி ஏறக்குறைய 1.8 மடங்கு. பழைய டிரம் பிரேக்கை வைத்துக்கொண்டு புது எஞ்சினை மட்டும் ஏற்றுவது தற்கொலை, பாதசாரிக்குக் கொலை. புகை விஷயமும் அப்படித்தான். டாக்ஸிக்காரரின் மிச்சப்பட்ட காசுக்காகச் சாலையோரத்தில் கடை போட்டிருக்கும் பெண்ணின் நுரையீரல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்த வாதம் எதைக் கேட்கிறது? பிரேக்கைச் சோதி, புகையைச் சோதி, வெல்டிங்கைச் சோதி என்று கேட்கிறது. தயாரிப்பாளர் சொன்னபடி இருக்கிறதா என்று கேட்கச் சொல்லவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் காட்டுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

பழையதில் புதுசை ஏற்றுவது நமக்குப் புதுப் பழக்கமும் இல்லை. திருவாரூர் ஆழித்தேரைப் பாருங்கள். பழைய தேர் 1926இல் எரிந்துபோய், புதிதாகச் செய்யப்பட்டது. அந்தத் தேரை முட்டுக்கட்டை போட்டு மட்டுமே நிறுத்திக்கொண்டிருந்தார்கள். சக்கரத்துக்கடியில் கட்டை செருகும் ஆளின் உயிருக்கு உத்தரவாதம் கிடையாது. பின்னாளில் திருச்சி பெல் தொழிற்சாலை இரும்புச் சக்கரமும் அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து பொருத்தியது. யாராவது இது ஒரிஜினல் தேர் இல்லை என்று சொன்னார்களா? மக்கள் இழுக்கிறார்கள், ஓடுகிறது, எனவே அது ஆழித்தேர். ஓலைச்சுவடிகளும் அப்படித்தான். சங்கப் புலவன் கைப்பட எழுதிய ஓலை ஒன்றுகூட நம்மிடம் இல்லை. செல்லரிக்கும் முன் யாரோ பெயர்த்து எழுதி, அதை இன்னொருவர் பெயர்த்து எழுதி, நடுவில் பிழையும் திருத்தமும் சேர்ந்து வந்ததால்தான் பாட்டு இன்றைக்கு இருக்கிறது. மாற்றாமல் வைத்திருந்த ஓலை மண்ணாகிவிட்டது.

கியூபாவுக்குப் போய்வந்தவர்கள் ஹவானா தெருவில் ஓடும் 1950களின் அமெரிக்கக் கார்களைப் படமெடுத்து வருகிறார்கள். காலம் உறைந்த ஊர் என்று அதற்கு அடியில் எழுதுகிறார்கள். அங்கே உறைந்தது ஒன்றுமில்லை. 1959 புரட்சிக்குப் பிறகு அமெரிக்கா பொருளாதாரத் தடை போட்டது, உதிரிப்பாகம் வருவது நின்றது. அந்த செவ்ரலே உடம்புகளுக்குள் சோவியத் வோல்கா, லாடா எஞ்சின்கள் ஏறின. 1991இல் சோவியத்தும் போன பிறகு கிடைத்த ஜப்பானிய, கொரிய டீசல் எஞ்சின்கள் ஏறின. சுற்றுலாப் பயணிக்குத் தெரிவது உடம்பு. ஆளை ஏற்றிக்கொண்டு ஓடும் டாக்ஸிக்காரருக்குத் தெரிவது ஒரு தேசத்தின் அரசியல் வரலாறு அடுக்கடுக்காகக் கிடக்கும் எஞ்சின்.

ஒரு எச்சரிக்கையும் இங்கே வேண்டும். தேருக்கு இரும்புச் சக்கரம் போட்ட இதே தமிழ்நாட்டில்தான், 1990களின் பிற்பகுதியில், சிவகங்கை மாவட்டத்துக் கண்டதேவியில் தலித்துகள் வடம் பிடிக்கும் உரிமைக்காகப் போராட வேண்டியிருந்தது. சக்கரத்தை மாற்றச் சம்மதிப்பார்கள், கயிற்றில் யார் கை படலாம் என்பதை மாற்றச் சம்மதிக்க மாட்டார்கள். எனவே பாகங்களை மாற்றுவதே புரட்சி என்று நான் சொல்ல வரவில்லை. எதை மாற்றலாம், யார் மாற்றலாம் என்று சொல்லும் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதே கேள்வி. தேரிலும் அதுதான், காரிலும் அதுதான்.

7

2014 மே மாதம் உத்தர்பாரா தொழிற்சாலையில் வேலை நிறுத்தி வைக்கப்பட்டதாக நிர்வாகம் அறிவித்தது. அம்பாசடர் உற்பத்தி அதோடு முடிந்தது. 2,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வெளியே நின்றார்கள். நாடு முழுக்கப் பத்திரிகைகள் இரங்கல் எழுதின, எல்லாம் காருக்கு! மந்திரி போன கார், மாப்பிள்ளை ஊர்வலம் போன கார், ஒன்பது பேர் நெருக்கி உட்கார்ந்து திருப்பதி போன கார் என்று எல்லோரும் உருகினார்கள். செய்தவர்களின் சம்பள பாக்கியைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. 2017இல் ‘அம்பாசடர்’ என்ற பெயர் மட்டும் தனியாக, 80 கோடி ரூபாய்க்கு, பிரான்சின் பெஜோ கம்பெனிக்கு விற்கப்பட்டது. உடம்பு இல்லை, எஞ்சின் இல்லை, தொழிலாளி இல்லை. பெயர் மட்டும். மூலம் என்று நாம் தேடிக்கொண்டிருந்தது கடைசியில் சந்தையில் என்னவாக வந்து நின்றது என்று பாருங்கள்.

இப்போது பழைய வண்டிகளில் மின்சார மோட்டார் ஏற்றும் காலம். பத்து வருடத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளுக்குத் தடை விழுந்த டெல்லியில், அவற்றை மின்சாரத்துக்கு மாற்றி ஓட்டலாம் என்று 2021இல் அரசு வழி திறந்தது. நல்ல விஷயம்தான், புகை குறையும். ஆனால் அங்கீகரிக்கப்பட்ட கம்பெனியின் கிட், அங்கீகரிக்கப்பட்ட ஆளின் கை. லேத்தும் சாக்பீஸும் வைத்திருப்பவர் அந்தப் பட்டியலுக்குள் வருவதற்கு என்ன வழி? அவருக்குத் தெரிந்ததைச் சோதித்து, குறை இருந்தால் திருத்தி, சான்று கொடுத்து உள்ளே சேர்த்துக்கொள்ள ஒரு ஏற்பாடு செய்ய முடியாதா? இது கருணை மனு இல்லை, அறிவை யார் அறிவு என்று ஒப்புக்கொள்கிறார் என்கிற கேள்வி. தொழிற்சங்கங்கள் எழுப்ப வேண்டியது, நாமும் சேர்ந்து எழுப்ப வேண்டியது.

போன மாதம் அண்ணனின் வீட்டுக்குப் போயிருந்தேன். வண்டி வாசலில்தான் நின்றது. கண்காட்சியைப் பற்றிப் பேச்சு வந்தது. அவர் பானெட்டைத் திறந்து, எஞ்சினைத் தாங்கும் பவுண்டேஷனில் இருந்த வெல்டிங் தழும்பைக் காட்டினார். 1991இல் போட்டது. போட்ட மேஸ்திரி இப்போது உயிரோடு இல்லை. “இத்தனை வருசத்துல ஒரு தடவகூட விடல தம்பி. அவரு கைதான் இது. இதுக்குப் பரிசு குடுக்க எவனுக்குத் தெரியும்?” என்றார்.

அந்தத் தழும்பு எந்தப் பதிவேட்டிலும் இல்லை.